எண்ணெய் குடித்த பலகைகள்

“அப்பா, அந்த டெக்கைப் பிரிச்சு எறிஞ்சுட்டு டைல்ஸ் போட்டுடலாம். ஆள் அனுப்புறேன். நீங்க மாடிச் சாவியை மட்டும் குடுங்க.” நீ அனுப்பிய இந்தச் செய்தியைச் செவ்வாய்க்கிழமை காலை சிவகாசி பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். அச்சகத்துக்குள் நுழைவதற்கு முன் இன்னொரு முறையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடியும் படித்தேன். பதில் அனுப்பவில்லை. உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் பாலிஷ்காரர் காளிராஜைப் பற்றி நீ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நாற்பத்தொரு பேர் பார்க்க எழுதினாய். அதனால் இந்தக் கடிதமும் அதே நாற்பத்தொரு பேருக்கும் போகிறது. உன் சித்தப்பாவும் அத்தைகளும் படிக்கட்டும். நான் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் கோபத்துக்குச் சத்தம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். சத்தம் இல்லாததால் அது சிறியது என்று நினைத்துவிடாதே.

நடந்ததை முழுதாக அறியாதவர்களும் படிப்பதால் வரிசையாகச் சொல்கிறேன். உன் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பெண் வீட்டார் விருந்துக்கு வரும்போது மாடியில் உட்கார ஒரு மரத்தளம், உன் மொழியில் டெக், வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். கனடாவில் உன் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறது. அதில் நாற்காலி போட்டு நீ காபி குடிக்கும் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாய். “அப்பா, நான் போனதுக்கு அப்புறம் நீங்க சாயங்காலம் அங்கன உக்காந்து பேப்பர் படிக்கலாம்” என்றும் சொன்னாய். பைன் பலகைகளை அங்கிருந்தே போனில் ஏற்பாடு செய்தாய். நீ வந்து இறங்குவதற்குப் பத்து நாள் முன்னதாக அவை லாரியில் வந்து, மாடியில் அறுபது பலகைகளாக அடுக்கப்பட்டன. பதித்துத் தர ஒரு ஆசாரி, வண்ணம் ஏற்றப் பாலிஷ்காரர் காளிராஜ். அவரை உனக்குச் சொன்னவன் நான். நம் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் பதினைந்து வருடங்களாகப் பாலிஷ் போடுபவர் அவர்தான்.

இனி நான் செய்த காரியம். இது உனக்கு இன்றுவரை தெரியாது. உன் கல்யாணத்தில் மண்டபம், சமையல், பத்திரிகை, மேளம் எல்லாவற்றையும் நீ போனிலேயே முடித்துவிட்டாய். உன் அம்மா இருந்திருந்தால் அவளுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். அதில் பாதியை என்மேல் தள்ளியிருப்பாள். அவள் போய் நான்கு வருடங்கள் ஆன இந்த வீட்டில் உன் கல்யாணத்துக்கென்று என் கை படவேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. பலகைகள் வந்த அன்று மாடிக்குப் போனேன். வெள்ளையாக, வறண்டு, வெயிலில் கிடந்தன. புது நிலை, புதுக் கதவு வந்தால் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அடுக்களையில் இருந்த கடலை எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு பலகையாகத் தேய்த்தேன். மேல் அடுக்குகளில் இருபத்திரண்டு பலகைகள் முடிந்தபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மீதியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். அன்று மாலை நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஏதோ ஒன்றைச் செய்துவிட்ட நிறைவு.

நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். சிவகாசி அச்சகத்தில் முப்பது வருடங்களாக மையின் தரம் பார்ப்பவன். காகிதத்தில் ஒரு விரல் எண்ணெய் பட்டாலும் அந்த இடம் மையை ஏற்காது என்பதற்காக எத்தனை ரீம் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஆளி விதை எண்ணெய் என்றால் காற்றில் காய்ந்து இறுகும். கடலை எண்ணெய் ஒருபோதும் இறுகாது, மரத்துக்குள்ளேயே பிசுபிசுப்பாக இருக்கும். இதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய நான், துணியைக் கையில் எடுத்தபோது அதை ஒரு கணமும் நினைக்கவில்லை. ஆசாரி வந்து பலகைகளைக் கலந்து எடுத்துப் பதித்தார். எண்ணெய் குடித்தவையும் குடிக்காதவையும் அருகருகே உட்கார்ந்தன.

காளிராஜ் முதல் கோட் வண்ணம் அடித்த அன்று நீ ஊருக்கு வந்துவிட்டாய். நானும் மாடியில் இருந்தேன். சில பலகைகள் தேக்கு நிறத்துக்கு வந்தன. நடுநடுவே சில, வெளிறிப் போய், தேமல் விழுந்த முதுகு போலத் தெரிந்தன. அவர் குனிந்து ஒரு பலகையை விரலால் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு உன்னைப் பார்த்து, “தம்பி, மரம் கலரைக் குடிக்க மாட்டேங்குது. இதைத் தேச்சு எடுத்துட்டுப் பத்து நாளு காயப்போடணும்” என்றார். நீ, “பத்து நாளா? புதன்கிழமை ஆளுக வாராக. மேல இன்னொரு கோட் இழுத்து விடுங்க, மட்டமாயிரும்” என்றாய். “மேல மேல இழுத்தா ஒட்டுமே தவிர உள்ள எறங்காது தம்பி.” “சொன்னதைச் செய்ங்க.” அவர் செய்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். நீ போனில் உன் நண்பனிடம் சிரித்துப் பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டாய். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் விருந்து முடிந்து எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனாய். உன் மாமனார் நாற்காலியை மறுத்துவிட்டு, “பலகை குளுகுளுன்னு இருக்குமே” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்தபோது அவருடைய வெள்ளை வேட்டியில் பின்பக்கம் முழுவதும் பழுப்பு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரும் அச்சகத் தொழில்காரர், பெருந்தன்மையான மனிதர். “விடுங்க மாப்ளே, வேட்டிதான? எங்க அச்சகத்துல வாரத்துக்கு ஒண்ணு இப்படித்தான் போகும்” என்று சிரித்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்டுப் போன பிரஷ்களை எடுக்கக் காளிராஜ் படியேறி வந்தார். நீ அவரை அங்கேயே நிறுத்தினாய்.

“ஏலே, என்னலே கலந்து அடிச்ச? மட்டச் சரக்கை ஊத்திட்டு எங்களை ஏமாத்தப் பாக்கியா?”

அவருக்கு உன்னைவிட இருபது வயது அதிகம். அதுவரை நீயும் அவரை ‘நீங்க’ என்றுதான் பேசியிருக்கிறாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். உன்னை அடக்கச் சொல்லித்தான் பார்க்கிறார் என்று அன்று நினைத்தேன். அது தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. நான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பிரஷ்களை எடுத்துக்கொண்டு, “வாரேன் அண்ணாச்சி” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நீ பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாய். இரண்டு வருடங்களில் எனக்குக் கிடைத்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான். அதிலும் பெரும்பகுதியைக் கல்யாணம் எடுத்துக்கொண்டது. மீதியில் ஒரு பொழுதையேனும் உன் முகச்சுளிப்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் தடவியது நான் என்று சொன்னால், “உங்களை யாரு தொடச் சொன்னா?” என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். உன் சிரித்த முகத்தை வாங்குவதற்கு இன்னொருவரின் மானத்தைக் கொடுத்தேன். என் கோபத்தில் பாதி உன்மீது. மற்றப் பாதி யார்மீது என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குரலை நீ எங்கே கற்றாய் என்று யோசித்தேன். விடை கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நீ கல்லூரி முதல் வருடம் படித்தபோது, சீசன் நேரத்தில் உன் நண்பர்களுக்குக் காலண்டர் வாங்கிப் போக அச்சகத்துக்கு வந்தாய். அன்று ஒரு லோடு முழுவதிலும் நீலம் தூக்கலாக அடித்துவிட்டது. மெஷின்காரரை, என் வயதுக்காரரை, முதலாளியின் அறை வாசலில் வைத்து, “ஏலே, கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஓட்டுன?” என்று கேட்டேன். நீ காலண்டர் கட்டைக் கையில் பிடித்தபடி என் பின்னால் நின்றாய். தவறு அவருடையதுதான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் மறுநாள் வரவில்லை. வேறு அச்சகத்தில் சேர்ந்துவிட்டார். பஸ் நிலையத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு வரும் வழியில் நீ, “செம கெத்துப்பா” என்றாய். நான் உன்னைத் திருத்தவில்லை. பெருமைப்பட்டேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முதல் நாள் அந்தத் தளத்தைப் படமெடுத்து, காளிராஜின் பெயரைப் போட்டு, “இந்த ஆளை யாரும் கூப்பிடாதீங்க” என்று குழுவில் எழுதினாய். பதினான்கு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். மல்லாங்கிணறில் உன் சித்தப்பா கட்டும் வீட்டின் கதவு, சன்னல் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் பேசியிருந்தார்கள். நான்கு மாத வேலை. அந்த வாரமே அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் நேரில் போய் உன் சித்தப்பாவிடம் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். “அண்ணே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? வந்தவன் வேலையை ஆரம்பிச்சுட்டான். இப்ப அவனைப் போன்னு எப்படிச் சொல்ல?” என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அதன்பிறகுதான் சூலக்கரைப் பக்கம் இருக்கும் காளிராஜின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் அவர் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க. என்ன, அடுத்த விசேசத்துக்கு வையறதுக்கு ஆளு வேணுமாக்கும்?” என்றார். உள்ளிருந்து காளிராஜ், “ஏய், சும்மா இரு. அண்ணாச்சி, உள்ள வாங்க. சாப்பிட்டீகளா?” என்றார். நான் உட்காராமலே சொன்னேன்: “காளிராஜ், அந்தப் பலகைக்கு எண்ணெய் தடவினது நான்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“எப்படி?”

“மொதக் கோட்டுலயே மணந்துருச்சு. கடலெண்ணெ. உங்க வீட்டுல மாடியேறி எண்ணெ தடவ வேற யாரு இருக்கா?”

“பிறகு ஏன் அவன்கிட்ட சொல்லல?”

“நல்லாக் கேட்டீக போங்க. கல்யாண வீடு. சம்பந்தி வந்து நிக்காக. அங்கன வச்சு, ‘உங்க அப்பாதான் கெடுத்தாரு’ன்னு சொல்லச் சொல்றீகளா? நீங்க சொல்லுவீகன்னுதான் உங்க மொகத்தைப் பாத்தேன்.”

அவர் மனைவி வாசலில் இருந்தபடியே, “மொகத்தை நல்லாப் பாத்தாரு. வேலைதான் போச்சு” என்றார். உன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். காளிராஜ் கையை அசைத்து மறுத்தார். “நீங்க செஞ்சதுக்கு நீங்க சொன்னது சரியாப் போச்சு. தம்பி பேசுனதுக்கு நீங்க எப்படி அண்ணாச்சி சொல்ல முடியும்? அதை விடுங்க. அந்தத் தளத்தை அப்படியே போட்டா வீணாப் போயிரும். சனி, ஞாயிறு வாரேன்.” அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்கும் துணிச்சலும் எனக்கு இல்லை.

ஆகவே நீ பிரிக்கச் சொன்ன தளத்தை நாங்கள் மூன்று வாரங்களுக்கு முன்பே பிரித்துவிட்டோம். நான் தடவியது ஒரு முகத்தில் மட்டும் என்பதால், அந்த இருபத்திரண்டு பலகைகளையும் கழற்றி, தொடாத அடிப்பக்கத்தை மேலே திருப்பினோம். ஐந்து பலகைகளின் அடியில் பிளவு இருந்தது. அவற்றைத் திருப்ப முடியவில்லை. அவற்றைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் போட்டு, எண்ணெய் மேலே கசிந்ததும் மறுபடி துடைத்து, அவர் வராத நாட்களில் நானே, இப்படி எட்டு நாள். பிறகு நீ மேலே இன்னொரு கோட் இழுக்கச் சொன்னதால் பசையாக நின்ற பூச்சை எல்லாப் பலகைகளிலிருந்தும் வழித்தெடுத்து, உப்புத்தாளால் வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தோம். வெளிறிய இடத்தை மட்டும் கறுப்பாக்கினால் போதாதா என்று நானும் கேட்டேன். “பக்கத்துல இருக்கிறது அதைக் காட்டிக் குடுத்துரும்” என்றார். துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்து, மறுநாள் பார்த்து, அதன்பின்தான் தளத்தில் பிரஷை வைத்தார். ஒரு பலகையின் முனையில் தொடங்கினால் மறு முனை வரை நிறுத்தக்கூடாது; நடுவில் நின்றால் நின்ற இடம் தெரியும். மெல்லியதாக அடித்து, ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் ஒரு பக்கம் காய்ந்து திட்டாகும் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, பட்டாசுக் கம்பெனி வேன்கள் தெருவில் ஆள் ஏற்றி முடிக்கும்போது நிறுத்திவிடுவார். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் உடனே வாளித் தண்ணீரில் அமுக்குவார். சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும் என்பதை இந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ அவசரக்காரன். இரண்டு நாளில் மூடி மறைத்துவிடலாம் என்று நினைத்த ஒன்றை எடுக்க மூன்று வாரங்கள் ஆயின என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குக் குடும்பம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் நீ தவறு செய்யும் நாளில், அதன்மேல் இன்னொரு கோட் இழுக்காதே. அவளும் ஒருநாள் தவறு செய்வாள். அப்போது அவளைப் பிறர் முன்னால் நிறுத்திக் கேட்காதே. அந்தக் குரலை உனக்குக் கொடுத்தவன் நான்; திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. நீயாகத்தான் கீழே வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இந்த மூன்று வாரங்கள்தான் உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருவரோடு சேர்ந்து தேநீர் குடித்த நாட்கள். காளிராஜ் அதிகம் பேசுபவர் அல்ல. எதிரில் உட்கார்ந்து ஒருவர் ஊதிக் குடிக்கும் ஓசை மட்டும் போதுமாக இருந்தது. அதற்கும் நான் தகுதியானவன் அல்ல என்பது தெரிந்தேதான் குடித்தேன். வேலை முடிந்தால் அவர் வரமாட்டார். மாலையில் அங்கே நாற்காலி போட்டு நான் பேப்பர் படிப்பேன் என்று நீ கற்பனை செய்தாய். ஒரு மாலை உட்கார்ந்தும் பார்த்தேன். பத்துப் பேர் உட்காரக்கூடிய தளம் அது. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை.

கடைசிக் கோட் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை. தின்னரில் துடைத்த அந்த ஐந்து பலகைகள் மற்றவற்றைவிடச் சற்று வெளிறித்தான் நிற்கும் என்று காளிராஜ் முன்பே சொல்லிவிட்டார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் உறவினர் யாருக்கேனும் கதவோ சன்னலோ பாலிஷ் போட வேண்டியிருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். வேலையில் குறை இருந்தால் என்னைக் கேளுங்கள். இது அவர்களுக்கு. உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. இங்கே ஞாயிறு காலை ஆறு மணி ஆகும்போது அங்கே உனக்குச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். அப்போது என் எண்ணுக்கு அழை. போனைக் காளிராஜின் கையில் கொடுத்துவிட்டு நான் கீழே இறங்கிவிடுவேன். என்ன பேச வேண்டும் என்று உனக்கு எழுதிக் கொடுக்கமாட்டேன். என்ன பேசினாய் என்று அவரிடம் கேட்கவும் மாட்டேன். அவர் உன்னை மன்னிக்காமல் போகலாம். அது அவருடைய உரிமை.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வரும் உன் அழைப்புக்காக நான் சனிக்கிழமை மாலையிலிருந்தே போனைச் சார்ஜில் போட்டுக் காத்திருப்பேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அவரிடம் பேசாமல் நீ என்னை அழைத்தால், இந்த வாரமானாலும் இனி எந்த வாரமானாலும், நான் எடுக்கமாட்டேன். மணி அடித்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா